கலப்புச் சிக்லிட் தொட்டி: சேர்க்கும் முறையும் குஞ்சு பொரித்தபின் எழும் கேள்வியும்

சிக்லிட் என்ற பெயர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்து மீனைப் பார்க்காத வீடு இங்கே குறைவு. பசாரில் சிவப்பும் கறுப்புமாக விற்கும் திலாப்பியா ஒரு சிக்லிட். நெற்றி புடைத்த லோஹான் ஒரு சிக்லிட். ஆஸ்கார், டிஸ்கஸ், ஏஞ்சல், பாரட் என்று மீன் கடையில் அடுக்கி வைத்திருப்பவற்றில் பாதி இந்தக் குடும்பம்தான். பழைய ஈயக் குட்டைகளில் தூண்டில்காரர்கள் தேடிப் போகும் பீகாக் பாஸும் அதே வம்சம். கேரளத்துக்காரர்கள் வாழையிலையில் பொதிந்து பொரிக்கும் கரிமீனும் ஒரு சிக்லிட் என்பது பலருக்குத் தெரியாது.

இவற்றில் பெரிய தொட்டியில் பல வகைகளைச் சேர்த்து வளர்க்க இன்று அதிகம் பேர் விரும்புவது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்டுகளை. கடல் மீனைப்போல் நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று பளிச்சிடும் நிறம், கடல் மீனுக்கு ஆகும் செலவில் சிறு பங்கு விலை, நாள் முழுக்க ஓயாத ஓட்டம். இந்த மூன்றும் போதும், ஒருவர் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பாமல் இருக்க. சிக்கல் ஆறு மாதம் கழித்து வருகிறது. வாங்கும்போது ஒட்டி உறவாடிய குட்டி மீன்கள் வளர்ந்து ஒன்றையொன்று கிழிக்கத் தொடங்கும். அல்லது கற்களுக்கிடையே ஒரு காலை திடீரென்று குஞ்சுகள் தென்படும். அவற்றின் தகப்பன் யார் என்று எவராலும் சொல்ல முடியாது.

ஏரியை அறிந்தால் பாதி வேலை முடியும்

மலாவி, மொசாம்பிக், தன்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கு நடுவே சுமார் 580 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது இந்த ஏரி. ஆழமான இடத்தில் 700 மீட்டர். அதில் வாழும் சிக்லிட் வகைகள் மட்டும் 800க்கு மேல் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதவை.

தொட்டிக்கு வரும் மலாவி மீன்களை மூன்று கூட்டமாகப் பார்க்கலாம். கரையோரப் பாறைகளை ஒட்டி வாழ்ந்து, பாறைமேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்பவை புனா. பத்து முதல் பதின்மூன்று சென்டிமீட்டர் வளரும் இவை சின்ன உடம்புக்குப் பெரிய கோபக்காரர்கள். அடுத்தது பீகாக் கூட்டம். மணலும் பாறையும் சந்திக்கும் இடத்தில் வாழும், கொஞ்சம் சாது. ஆண் மீன் மயில்போல் நிறம் காட்டும், பெண் மீன் மங்கலான சாம்பல் பழுப்பு. மூன்றாவது ஹாப் எனப்படுபவை. திறந்த நீரில் சுற்றும், இருபது இருபத்தைந்து சென்டிமீட்டர் வரை போகும், பல சிறு மீன்களை விழுங்கும். வீனஸ்டஸ், எலக்ட்ரிக் புளூ, நெற்றி புடைத்த புளூ டால்ஃபின் இந்தக் கூட்டம்.

மூன்றுக்கும் ஒரே ஏரி நீர் ஒத்துவரும். ஒரே உணவு ஒத்துவராது, ஒரே குணமும் இல்லை. புனாவையும் பீகாக்கையும் ஒன்றாகப் போடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் பீகாக் ஆண்கள் நிறம் மங்கி ஒரு மூலையில் ஒதுங்கி நிற்பதில்தான் அது முடிகிறது. முதல் தொட்டி அமைப்பவர் புனா மட்டும், அல்லது பீகாக்கும் சாதுவான ஹாப்பும் மட்டும் என்று ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதே நல்லது.

டிஸ்கஸ், ஆஸ்கார், ஏஞ்சல் போன்ற தென்னமெரிக்கச் சிக்லிட்டுகளை இவற்றோடு சேர்ப்பது கூடவே கூடாது. பினாங்கு டிஸ்கஸ் பண்ணைகளுக்குப் பேர்போனது. அந்த டிஸ்கஸ் மென்மையான, சற்றுப் புளிப்பு நீரைக் கேட்கும். மலாவி மீனுக்கு வேண்டியது நேர் எதிர்.

தொட்டியும் தண்ணீரும்

கலப்புத் தொட்டிக்கு நாலடி என்பது குறைந்தபட்சம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் மனம் நிறையும். அதில் 680 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 680 கிலோ. கண்ணாடி, கல், மணல், இரும்புச் சட்டம் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். தரை வீட்டில் சிமெண்டுத் தளத்தில் வைப்பதில் பயமில்லை. பலகைத் தரை உள்ள பழைய தோட்ட வீட்டிலோ, அடுக்குமாடியிலோ, சிங்கப்பூர் வீவக வீட்டிலோ இந்த அளவுத் தொட்டியை வைக்கும் முன் தளம் தாங்குமா என்று உரியவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சுவரை ஒட்டி, தூண் அருகே வைப்பது வழக்கம். நடு ஹாலில் வேண்டாம். கண்ணாடி 12 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம்; மேல் விளிம்பில் குறுக்குக் கண்ணாடியும் இருக்க வேண்டும்.

இந்த மீன்கள் மணலைத் தோண்டும். ஆகவே பாறைகளை மணல்மேல் வைக்காமல், முதலில் தொட்டியின் அடியில் பிளாஸ்டிக் வலைத் தகடு விரித்து, அதன்மேல் பாறையை அடுக்கி, பிறகு மணலைக் கொட்ட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, மீன் தோண்டியதால் பாறை சரிந்து அடிக் கண்ணாடி விரிசல் விட்ட கதைகள் எந்தக் கடையிலும் கேட்கலாம்.

மலாவி ஏரி நீரின் பிஎச் அளவு சுமார் 7.8 முதல் 8.6 வரை. நம் குழாய் நீர் பொதுவாக மென்னீர். தொட்டிக்குள் நாளாக ஆகப் புளிப்புப் பக்கம் இறங்கும். ஈப்போ, பெர்லிஸ் போன்ற சுண்ணாம்புக் குன்றுப் பகுதிகளில் கிணற்று நீர் கடினமாக இருக்கலாம். அங்கே உள்ளவர்களுக்கு அது அதிர்ஷ்டம். மற்றவர்கள் பவளத் துண்டுகளை ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் போட்டால் நீர் மெல்ல உயர்ந்து நிலைக்கும். பிஎச் பொடி வாங்கி ஒரே நாளில் ஏற்றுவது மீனைக் கொல்லும் வழி. 7.8இல் அசையாமல் நிற்கும் நீர், ஏறி இறங்கும் 8.4ஐவிட மேல்.

மழைநீரைப் பிடித்து ஊற்றும் பழக்கம் தோட்டங்களில் உண்டு. மற்ற மீனுக்கு எப்படியோ, மலாவி மீனுக்கு அது ஆகாது. அதில் தாது உப்பு ஏதும் இல்லை.

குழாய் நீரில் குளோரின் இருக்கும். மலேசியாவில் பலரும் ஒரு வாளியில் ஒருநாள் வைத்து ஊற்றுவார்கள், அல்லது ஆன்டி குளோரின் படிகம் போடுவார்கள். சிங்கப்பூரில் குழாய் நீரைக் குளோரமின் கொண்டு சுத்திகரிக்கிறார்கள். குளோரமின் ஒருநாள் வைத்தாலும் போகாது. சாதாரண ஆன்டி குளோரின் போட்டால் குளோரின் பகுதி போய் அம்மோனியா மிஞ்சும். அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் திரவ மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

அம்மோனியா என்ற சொல்லை ஆப்பிரிக்கச் சிக்லிட் வளர்ப்பவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக மதிக்க வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, புளிப்பு நீரில் பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். கார நீரில் நச்சு வடிவத்துக்கு மாறும். நம் ஊர் வெப்பத்தில் பிஎச் 7இல் இருப்பதைவிட 8.2இல் அதன் நச்சுப் பங்கு பத்து மடங்குக்கு மேல். டிஸ்கஸ் தொட்டியில் ஒன்றும் செய்யாத அளவு, மலாவித் தொட்டியில் ஒரே இரவில் மீனை மிதக்க விடும்.

அதனால்தான் புதுத் தொட்டியில் உடனே மீனைக் கொட்டக் கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு பிடி அழுக்கு பயோ ரிங் வாங்கிப் போட்டால் நாள் குறையும். ஃபில்டர் பஞ்சை நேராகக் குழாயடியில் கழுவினால் குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில்தான் அலச வேண்டும். ஃபில்டர் எவ்வளவு பெரிதானாலும் வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுவதைத் தவிர்க்க வழியில்லை.

ஹீட்டர் இங்கே தேவையில்லை, கேமரன் மலை வாசிகளைத் தவிர. இங்கே தொல்லை எதிர்ப்பக்கம். மதிய வெயிலில் நீர் 31, 32 டிகிரிக்குப் போனால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். காற்றுப் பம்பு இரண்டு வைத்து, மேல்மட்ட நீரை நன்றாகக் கலக்க விட வேண்டும்.

யாரை யாரோடு சேர்ப்பது

கடையில் ஒரு தொட்டி நிறைய 'கலந்த ஆப்பிரிக்கன்' என்று எழுதி வைத்துச் சில ரிங்கிட்டுக்கு ஒரு மீன் என்று விற்பார்கள். அதில் மஞ்சளும் கறுப்புக் கோடுமாக மிக அழகாக இருக்கும் குட்டியைத்தான் பிள்ளைகள் முதலில் கை காட்டும். பெரும்பாலும் அது ஆரட்டஸ். வளர்ந்த ஆண் ஆரட்டஸ் நிறம் மாறிக் கறுத்து, தொட்டி முழுவதும் தனக்கே என்று உரிமை கொண்டாடும். நீலக் குட்டியாக வந்து மஞ்சளாக மாறும் ஆண் கென்யியும் அப்படித்தான். இந்த இரண்டையும் முதல் தொட்டியில் சேர்க்காதிருந்தால் பாதித் தலைவலி இல்லை.

நல்ல தொடக்கம் யெல்லோ லேப். சற்றே அமைதி, எப்போதும் மஞ்சள், எளிதில் குஞ்சு பொரிக்கும். அதோடு நீல நிறக் கோபால்ட் வகை, துருப்பிடித்த ஊதா நிறத்தில் வரும் ரஸ்டி, வெண்ணிறத்தில் கறுப்புக் கோடு போட்ட சில வகைகள். நீலமும் கறுப்புமாக உள்ள டெமசோனி ஏழெட்டு சென்டிமீட்டர்தான் வளரும். ஆனால் தன் இனத்தையே வேட்டையாடும். ஐந்தாறு வாங்கினால் கடைசியில் ஒன்றே மிஞ்சும். பன்னிரண்டு பதினைந்தாக வாங்கினால் அடி பலருக்கும் பங்காகி எல்லாம் பிழைக்கும். இது கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கே வியப்பாகத் தோன்றும், ஆனால் புனாத் தொட்டியின் அடிப்படையே இதுதான். கூட்டம் குறைந்தால் சண்டை கூடும். ஆறடித் தொட்டியில் முப்பது முப்பத்தைந்து புனா விடுவார்கள். அவ்வளவு மீனுக்கு இரட்டிப்பு ஃபில்டரும் தவறாத நீர் மாற்றமும் கட்டாயம்.

ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற கணக்கு வேண்டும். ஒரு பெண் மட்டும் இருந்தால் ஆண் அவளை விரட்டியே கொன்றுவிடும். நிறமோ உருவமோ ஒத்த இரண்டு வகைகளை ஒன்றாக விடக் கூடாது. ஆண்கள் அடித்துக்கொள்வது ஒரு காரணம், கலப்புக் குஞ்சு மற்றொன்று. எல்லாவற்றையும் குட்டிகளாக ஒரே நாளில் விடுவது நல்லது. பின்னால் ஒன்றைச் சேர்க்க நேர்ந்தால், விளக்கை அணைத்து, பாறைகளைக் கலைத்து வேறு விதமாக அடுக்கிவிட்டு விட வேண்டும். எல்லை போட்டு வைத்திருந்த பழைய மீன்கள் குழம்பி நிற்கும் நேரத்தில் புதியது தனக்கோர் இடம் பிடித்துக்கொள்ளும்.

பீகாக், ஹாப் வளர்ப்பவர்கள் பலர் ஆண்களை மட்டும் வாங்கி, ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறமாக, ஒரு 'கண்காட்சித் தொட்டி' வைப்பார்கள். பெண்ணே இல்லாத தொட்டியில் போட்டி தணியும்; குஞ்சுப் பிரச்சினை அடியோடு இல்லை. அழகுக்காக மட்டும் வளர்ப்பவருக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறு கிடையாது.

தீனியில் ஒரு எச்சரிக்கை மட்டும். புனா பாசி தின்னிகள், அவற்றின் குடல் நீளமானது. மாட்டு இருதயம், இரத்தப் புழு, உயிர் மீன் என்று கொழுத்த தீனி கொடுத்தால் வயிறு வீங்கி, வெள்ளை நூல்போல் கழித்து, சில நாளில் இறக்கும். 'மலாவி வீக்கம்' என்றே அதற்குப் பெயர். ஸ்பிருலினா சேர்ந்த உருண்டைத் தீனி, தோல் நீக்கி வேகவைத்த பட்டாணி, நன்றாகக் கழுவி வெந்நீரில் முக்கிய கங்கோங் போதும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் ஒன்றும் ஆகாது. நல்லதே.

வெளியிலிருந்து வரும் ஆபத்து

டெங்கிக்காகப் புகை அடிக்க வரும்போது மீன் தொட்டியை நினைக்காமல் விடுபவர்கள் அதிகம். கொசுவைக் கொல்லும் அந்த மருந்து வகைகள் மீனுக்குக் கடும் நச்சு. காற்றுப் பம்பு ஓடிக்கொண்டிருந்தால் அதுவே புகையை இழுத்து நீருக்குள் தள்ளும். அறிவிப்பு வந்ததும் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியும் பிளாஸ்டிக்கும் கொண்டு மூடி, புகை கலைந்து வீட்டைக் காற்றாட விட்ட பிறகே திறக்க வேண்டும். நீரைச் சுற்ற வைக்கும் ஃபில்டர் ஓடலாம். தோட்டத்தில் களைக்கொல்லி, பூச்சி மருந்து தெளிக்கும் வேலையில் இருப்பவர்கள் கை கால் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டிக்குள் கைவிடக் கூடாது. மீனுக்கும் நல்லதல்ல, வீட்டுக்கும் நல்லதல்ல.

இடி மின்னலில் கரண்டு போனால், முப்பது மீன் உள்ள தொட்டியில் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீரும். பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. தண்ணீர்த் தடை முடிந்து குழாயில் முதலில் வரும் கலங்கல் நீரைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம்; ஒரு நாள் கழித்து மாற்றினால் போதும்.

வாய்க்குள் வளரும் குஞ்சு

மலாவிச் சிக்லிட்டுகள் முட்டையைக் கூட்டில் விடுவதில்லை. தாய் வாய்க்குள் வைத்து அடைகாக்கும்.

ஆண் ஒரு தட்டைக் கல்லையோ மணல் குழியையோ சுத்தம் செய்து, உடம்பை நடுநடுங்க அசைத்துப் பெண்ணை அழைக்கும். இரண்டும் வட்டமாகச் சுற்றும். பெண் ஒன்றிரண்டு முட்டையிட்டு, உடனே திரும்பி அதை வாயில் எடுத்துக்கொள்ளும். ஆணின் அடித்துடுப்பில் முட்டை போன்ற மஞ்சள் புள்ளிகள் உண்டு. பெண் அந்தப் புள்ளியை நோக்கி வாயைக் கொண்டு போகும்போது ஆண் விந்தை விட, வாய்க்குள் இருக்கும் முட்டை கருவுறும். அந்தப் புள்ளிகள் முட்டையைப் போலப் பாவனை காட்டி ஏமாற்றுகின்றன என்ற விளக்கத்தை வொல்ஃப்காங் விக்லர் என்ற ஜெர்மன் விலங்கியலாளர் 1962இல் வெளியிட்டார். அதன் நுணுக்கங்களை ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். பொறுமையாகத் தொட்டி முன் உட்காருபவர் அந்த வட்டச் சுற்றலை வீட்டிலேயே பார்க்கலாம்.

அதன் பிறகு தாயைக் கண்டுபிடிப்பது எளிது. தாடை கீழே தொங்கிப் புடைத்திருக்கும், தீனி போட்டால் வராது, வாயை அடிக்கடி மெல்வதுபோல் அசைத்து முட்டைகளைப் புரட்டும். சுமார் மூன்று வாரம் இப்படியே இருக்கும். முதல்முறை சுமக்கும் இளம் தாய் பாதியில் விழுங்கிவிடுவது சாதாரணம்; வருந்த வேண்டாம், அடுத்த முறை பழகிவிடும்.

கலப்புத் தொட்டியிலேயே விட்டுவிட்டால் தாய் குஞ்சுகளைத் துப்பும் நிமிடத்தில் மற்ற மீன்கள் தின்று தீர்க்கும். குஞ்சு வேண்டுமென்றால் பதினைந்து பதினாறு நாளில் தாயைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். வலையால் துரத்தினால் பயத்தில் துப்பிவிடும். இரவில், விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் வெளிச்சத்தில் பெரிய பாத்திரத்தால் மொண்டு எடுப்பதே எளிய வழி. பழகியவர்கள் கையை நனைத்து, தாயை நீருக்குள் தலைகீழாகப் பிடித்து, கீழ்த்தாடையை மெதுவாகத் திறந்து குஞ்சுகளை வெளியே எடுப்பார்கள். பழகாதவர் இதைச் செய்து தாடையை உடைத்துவிடுவதும் உண்டு.

புனாத் தாய் ஒரு முறைக்குப் பத்து இருபது முதல் ஐம்பது வரை குஞ்சு தரும். வெளியே வரும் குஞ்சு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அன்றே பொடித்த தீனியைத் தின்னும். ஆர்ட்டீமியா பொரித்துக் கொடுத்தால் இன்னும் வேகமாக வளரும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்ட இரண்டடித் தொட்டி போதும். தாயை உடனே பெரிய தொட்டிக்கு அனுப்பாமல் ஒரு வாரம் தனியே வைத்து நன்றாகத் தீனி கொடுக்க வேண்டும். மூன்று வாரம் பட்டினி கிடந்து மெலிந்த மீன் திரும்பிப் போனால் முதல் அடி அதற்குத்தான்.

அந்தக் குஞ்சுக்கு என்ன பெயர்?

இங்கேதான் கலப்புத் தொட்டிக்காரர் நின்று யோசிக்க வேண்டும். தனித்தனி வகைகளாகத் தெரியும் இந்த மீன்கள் பரிணாமக் கணக்கில் மிக அண்மையில் பிரிந்த பங்காளிகள். ஏரியில் அவற்றைப் பிரித்து வைத்திருப்பது வேறு பாறை, வேறு ஆழம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண் தன் இனத்து ஆணை நிறத்தால் அடையாளம் காண்பது. விக்டோரியா ஏரியில் நீர் கலங்கிய இடங்களில் பெண் மீன்களால் நிறம் பிரித்தறிய முடியாமல் வகைகள் ஒன்றோடொன்று கலந்து போவதை ஓலே சீஹவுசனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997இல் காட்டினார்கள். ஏரியிலேயே அப்படியென்றால் ஆறடித் தொட்டியில் கேட்கவா வேண்டும்? தன் இனத்து ஆண் இல்லாத பெண், பக்கத்தில் இருப்பவனோடு சேரும். யெல்லோ லேப்பும் ரெட் ஸீப்ராவும் சேர்வது எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். அந்தக் குஞ்சு வெளிறிய ஆரஞ்சு மஞ்சளாக வளர்ந்து, பிறகு 'யெல்லோ லேப்' என்ற பெயரிலேயே கடைக்கு வரும். பீகாக் நிலைமை இன்னும் மோசம்; பல வகைகளின் பெண்கள் ஒரே சாம்பல் நிறம், அனுபவசாலியே தடுமாறுவார். ஒரே தாயின் வாயில் இருக்கும் குஞ்சுகளுக்கு இரண்டு மூன்று தகப்பன் இருப்பதும் உண்டு.

கலப்பு என்பதே பாவம் என்றில்லை. லோஹான் 1990களில் மலேசியாவில் மத்திய அமெரிக்கச் சிக்லிட்டுகளைக் கலந்து உருவாக்கியதுதான். விலாவில் உள்ள கறுப்புத் தழும்பில் நான்கு இலக்க எண் தேடியவர்களும், ஒரு மீனுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்களும் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். பாரட் 1980களில் தைவானில் வந்த கலப்பு. அதன் வாய் முழுதாக மூடாத குறை அப்போதிருந்தே தொடர்கிறது. பலநிறத் திட்டுகளோடு விற்கும் ஓபி பீகாக்கும் மனிதர் கலந்ததே. அவை கலப்பு என்று சொல்லியே விற்கப்படுகின்றன. தகப்பன் தெரியாத குஞ்சை ஓர் இனத்தின் பெயர் சொல்லிக் கொடுப்பதுதான் தவறு. வாங்குபவர் அதை வைத்துக் குஞ்சு எடுப்பார், அவரிடம் இன்னொருவர் வாங்குவார். நான்கைந்து கை மாறியபின் அசல் எது என்று யாருக்கும் தெரியாது. மலாவியின் சில வகைகள் ஏரியில் மிகச் சிறிய பகுதியில் மட்டுமே வாழ்பவை. தொட்டிகளில் சுத்தமாக இருக்கும் வரிசைக்கு மதிப்பு உண்டு.

ஆகவே குஞ்சு எடுத்துக் கொடுக்க நினைப்பவர் ஓர் இனத்துக்கு ஒரு மூன்றடித் தொட்டி என்று தனியே வைக்க வேண்டும். ஓர் ஆண், நான்கைந்து பெண், நம்பகமான ஓரிடத்தில் வாங்கியவை, வாங்கிய நாளும் இடமும் எழுதி வைத்த ஒரு நோட்டுப் புத்தகம். பெரிய தொட்டியில் இனத்துக்கு ஒரு கூட்டமாக, ஒன்றுக்கொன்று தூரத்து உறவுள்ளவற்றை மட்டும் வைத்தால் கலப்பு குறையும், நிற்காது. பெரிய தொட்டியில் தானாகப் பிழைத்த குஞ்சை 'கலப்பு' என்று சொல்லிக் கொடுங்கள், அல்லது கொடுக்காதீர்கள்.

ஆற்றுக்கு வேண்டாம்

ஒரு தாய் ஆண்டுக்குப் பலமுறை சுமக்கும். ஓராண்டில் வீட்டில் நூற்றுக்கணக்கில் மீன் சேரும். கடைத் தவுக்கே முதல் இரண்டு முறை வாங்குவார், மூன்றாம் முறை தலையை ஆட்டுவார். அப்போது பலருக்கும் தோன்றுவது பக்கத்து ஆறு, பெரிய வாய்க்கால், ஈயக் குட்டை. உயிரோடு விட்டால் புண்ணியம் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும்.

அந்தப் புண்ணியத்தின் கணக்கு ஆற்றில் தெரிகிறது. ஜப்பானியர் காலத்தில் உணவுக்காக இங்கே கொண்டு வந்த திலாப்பியாவை அந்தக் காலத்தவர் 'ஜப்பான் மீன்' என்றே அழைத்தார்கள்; இன்று அது இல்லாத குட்டை அபூர்வம். தொட்டிச் சுவரைச் சுத்தம் செய்ய வாங்கி, வளர்ந்ததும் வெளியே விட்ட பண்டாராயா மீன் கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகி, வலை போடுபவரின் வலையைக் கிழிக்கிறது. பீகாக் பாஸ் குட்டைகளில் உள்ளூர்ச் சிறு மீன்களைத் தின்கிறது. லோஹான் மோகம் அடங்கிய பிறகு சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் அந்த மீன்கள் தென்படத் தொடங்கின. சிக்லிட்டுகள் தம் ஏரியிலும் இதே கதைக்குப் பலியானவை: 1950களில் விக்டோரியா ஏரியில் விடப்பட்ட நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீன், 1980களுக்குள் அங்கிருந்த நூற்றுக்கணக்கான சிறு சிக்லிட் வகைகளைச் சரித்தது.

சிங்கப்பூரில் அனுமதியின்றி விலங்குகளைப் பொது நீர்நிலையில் விடுவது சட்டப்படி குற்றம். மலேசியாவிலும் அந்நிய மீன்களை ஆற்றில் விட வேண்டாம் என்று மீன்வளத்துறை தொடர்ந்து எச்சரித்து வருகிறது.

மிஞ்சிய மீனுக்கு வேறு வழிகள் உண்டு. ஆண்களை மட்டும் வைத்துக்கொண்டு பெண்களைக் குஞ்சு எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம். தாய் சுமப்பதைப் பார்த்தும் தலையிடாமல் பெரிய தொட்டியிலேயே விட்டால் பெரும்பாலும் இயற்கையே கணக்கை முடிக்கும். தொட்டியைக் கலைப்பவர், வளர்த்தவற்றை எடுத்துக்கொள்ளும் கடை ஒன்றை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். பணம் எதிர்பார்க்காவிட்டால் பெரும்பாலான கடைகள் எடுத்துக்கொள்ளும். பிழைக்காத நோயாளி மீனையும் ஊனக் குஞ்சையும் கழிப்பறையில் உயிரோடு தள்ளிவிடுவது கொடுமை. கிராம்பு எண்ணெய்யைச் சிறிது வெந்நீரில் குலுக்கிக் கரைத்து, தொட்டி நீர் உள்ள வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் மீன் மயங்கும். பிறகு மேலும் சேர்த்து, செவுள் அசைவு முற்றிலும் நின்று பத்து நிமிடத்துக்கு மேல் ஆன பின்னரே வெளியே எடுக்க வேண்டும். பிறகு மண்ணில் புதைத்துவிடலாம். அந்த வாளி நீரை வாய்க்காலில் ஊற்றாமல் கழிவறையில் ஊற்ற வேண்டும்.